பார்த்துப் போ, பிள்ளை!

நமது நாட்டு மத்தியதர வர்க்க இல்லங்களின் வாசற்படிகளில் இரவு வேளையிலே சொல்லப்படும் சொற்றொடர் ஒன்றுண்டு. "பார்த்துப் போ, பிள்ளை" என்பதே அது. கேட்பதற்கு இனிமையானது, பரிவு நிறைந்தது. தாயொருத்தியின் குரலே அதில் ஒலிப்பதாகவும் தோன்றும். ஆயினும் சற்று உரைத்துப் பார்த்தால் உள்ளே கிடக்கும் உலோகம் தெரிந்துவிடும். "மாலை முழுவதும் எங்கள் பிள்ளையை நீ பார்த்தாய், இனி உன்னை நீயே பார்த்துக்கொள்" என்பதே அதன் பொருள்.

பெற்றோர் வெளியே சென்றிருந்த வேளையிற் பிள்ளை பார்க்க வந்த பெண், வேலை முடிந்த பின் இருளிலே எவ்வாறு வீடு போய்ச் சேருகிறாள் என்பதே நாம் இங்கு எழுப்பும் கேள்வி. நாணய நிதியத்தின் நிபந்தனைகளும் தேசிய இனப் பிரச்சினையும் பேசப்படவேண்டிய பக்கங்களில் இத்துணைச் சிறிய விடயம் எதற்கு என்று சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். வீட்டுக்குள் நடப்பது சிறியது, வீதியில் நடப்பது பெரியது என்ற இந்தப் பகுப்பை வகுத்தவர் யார்? சமைப்பதையும் துவைப்பதையும் பிள்ளை வளர்ப்பதையும் உழைப்பென்று கணக்கில் எழுத மறுத்த அதே வர்க்கந்தான். அந்தக் கணக்கை நாமும் அப்படியே ஏற்றுக்கொள்வோமாயின், முற்போக்காளர் என்ற பெயரை நாம் சுமந்து திரிவதில் அர்த்தமில்லை.

இத்தொழிலின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். 'ஆயா' என்ற சொல்லை நமக்குத் தந்தவர்கள் போர்த்துக்கேயர். ஆங்கிலேயத் துரைமாரின் பங்களாக்களில் அச்சொல் வேரூன்றியது. துரைமார் போன பின்பு அப்பங்களாக்களுக்குக் குடிவந்த நமது கனவான்கள், சுவரிலே தொங்கிய படங்களை மாற்றினார்களேயன்றிக் குசினிப்பக்கத்து ஒழுங்குகளை மாற்றவில்லை. அக்காலத்து ஆயா வீட்டோடு கிடந்தாள். இரவில் வீடு திரும்பும் பிரச்சினை அவளுக்கு எழவில்லை. திரும்பிப் போக ஒரு வீடும், தனக்கென ஒரு மாலைப்பொழுதும் அவளுக்கு அனுமதிக்கப்படவேயில்லை.

இன்று நிலைமை மாறிவிட்டது. கணவனும் மனைவியும் உழைத்தாலன்றி மாதம் ஓடாது. கூட்டுக் குடும்பம் குலைந்துவிட்டது. பேரப்பிள்ளையைத் தாலாட்டவேண்டிய பாட்டி ரொறன்ரோவில் இருக்கிறாள், அல்லது ஊரிலே தனித்திருக்கிறாள். ஆகவே சில மணி நேரத்துக்கு மட்டும் ஒருத்தியைக் கூலிக்கு அழைக்கும் வழக்கம் பரவி வருகிறது. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் உயர்ந்து நிற்கும் மாடிக் குடியிருப்புகளுக்கு அவள் கொட்டாஞ்சேனையிலிருந்தோ முகத்துவாரத்திலிருந்தோ கொலன்னாவையிலிருந்தோ வருகிறாள். யாழ்ப்பாணத்திலே அயற்கிராமத்திலிருந்து சைக்கிளில் வருகிறாள். ஹற்றனிலும் நுவரெலியாவிலும் தோட்டத்து லயத்திலிருந்து இறங்கி வருகிறாள். பெரும்பாலும் இளம்பெண், சாதாரண தரம் எழுதிவிட்டு மேலே படிக்க வழி தேடுபவள், அல்லது தம்பி தங்கையரின் படிப்புக்காகத் தன் படிப்பை நிறுத்தியவள். இவ்வேட்டைப் படிக்கும் ஆசிரியர் பலரின் வகுப்பறைகளிலே முன்வாங்கிலில் இருந்து எழுந்து போனவளாகவும் அவள் இருத்தல் கூடும்.

அவள் வருகின்ற நேரம் நிச்சயமானது. ஐந்து மணி என்றால் ஐந்து மணிக்கே வந்து நிற்கவேண்டும். அவள் போகின்ற நேரமோ நிச்சயமற்றது. திருமண வரவேற்பிலே மணமக்கள் மேடைக்கு வரும்வரை விருந்து பரிமாறப்படாது. நூல் வெளியீட்டிலே நன்றியுரைகாரர் மூன்றாவது பேருரையைத் தொடங்கிவிடுவார். எட்டு மணிக்கு வருவோம் என்றவர்கள் பத்து மணிக்கு வருவார்கள். அதற்குள் கடைசி பஸ் போய்விடும்.

இவ்விரண்டு மணி நேரம் யாருடையது? பிள்ளை உறங்கிவிட்டது, அவள் சும்மா இருந்தாள் என்பது வீட்டுக்காரரின் நியாயம். உலகத் தொழிலாளர் தாபனம் 2011ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நிறைவேற்றிய 189ஆம் இலக்க வீட்டுப் பணியாளர் சமவாயம் இந்த நியாயத்துக்கு மறுமொழி கூறியிருக்கிறது. தன் நேரத்தைத் தன் விருப்பப்படி பயன்படுத்த முடியாமல், அழைத்தால் எழுந்துவரக் காத்திருக்கும் நேரமும், நாட்டுச் சட்டமும் கூட்டு உடன்பாடும் வகுக்கும் அளவுக்கு வேலை நேரமே என்பது அதன் கோட்பாடு. அச்சமவாயம் நிறைவேறிப் பத்தாண்டு கழிந்த 2021ஆம் ஆண்டிலும் இலங்கை அதனை ஏற்று உறுதிப்படுத்தியிருக்கவில்லை. ஆயிரக்கணக்கான நம் பெண்களை மேற்காசிய நாடுகளின் வீடுகளுக்கு அனுப்பி அந்நியச் செலாவணி தேடும் நாடு, தன் வீடுகளில் வேலை செய்யும் பெண்களின் உரிமையை எழுத்திலே ஒப்புக்கொள்ளத் தயங்கியது.

சட்டத்தின் கதையை மேலும் கேளுங்கள். 1871ஆம் ஆண்டிலே ஆங்கிலேய ஆட்சி வீட்டு வேலைக்காரரைப் பதிவு செய்யும் கட்டளைச்சட்டமொன்றை இயற்றியது. வேலைக்காரரின் பெயரும் நடத்தையும் பதிவேட்டிலே ஏறவேண்டும் என்பது அதன் ஏற்பாடு. வேலைக்காரரிடமிருந்து வீட்டுடைமையைக் காப்பதே அதன் நோக்கம். வீட்டிலிருந்தும் வீதியிலிருந்தும் வேலைக்காரியைக் காப்பதற்குச் சட்டம் எங்கே என்று கேட்டால், நூற்றைம்பது ஆண்டுகளாகப் பதில் இல்லை. கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்யும் பெண்களின் இரவு நேரத்துக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் எல்லை வகுத்தது. தொழிற்சாலைப் பெண்களின் இரவு வேலையை 1956ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டம் தடுத்தது. சுதந்திர வர்த்தக வலயத்து முதலாளிகளின் தேவை கருதி 1984ஆம் ஆண்டிலே அத்தடை தளர்த்தப்பட்டபோதும் சில நிபந்தனைகள் விதிக்கப்பட்டன: பெண்ணின் சம்மதம் வேண்டும், தொழில் ஆணையாளரின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும், ஒன்றரை மடங்கு கூலி வேண்டும், பெண் மேற்பார்வையாளர் இருக்கவேண்டும், மாதத்தில் பத்து இரவுக்கு மேல் கூடாது. இந்நிபந்தனைகள் எவ்வளவு தூரம் கடைப்பிடிக்கப்படுகின்றன என்பது வேறு விடயம். நிபந்தனை என்ற ஒன்றாவது அங்கு உண்டு. பிள்ளை பார்க்கும் பெண்ணுக்கு அதுவும் இல்லை. 1958ஆம் ஆண்டில் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வந்தபோதும் வீட்டுப் பணியாளர் அதன் படலைக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டனர்.

ஒரு முன்னேற்றத்தை மட்டும் நாம் குறிப்பிடல் வேண்டும். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டத்துக்கு 2022ஆம் ஆண்டிலே ஒரு திருத்தம் வந்தது. வேலைக்குப் போகும் வழியிலும் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்கும் நட்டஈடு உண்டு என்பது அத்திருத்தம் சேர்த்த விதிகளுள் ஒன்று. இதன் உட்பொருள் மிகப் பெரியது. வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் இடையிலுள்ள பாதை தொழிலாளியின் சொந்த விவகாரம் அன்று, அது வேலையின் ஒரு பகுதி என்பதை இந்நாட்டுச் சட்டம் கொள்கையளவில் ஒப்புக்கொண்டுவிட்டது. 1990ஆம் ஆண்டில் உலகத் தொழிலாளர் தாபனம் வெளியிட்ட இரவு வேலை பற்றிய 178ஆம் இலக்க விதந்துரையும் இதையே வேறு விதமாகக் கூறுகிறது: இரவிலே வேலை செய்பவரின் பயண நேரத்தைக் குறைக்கவும், மேலதிகப் பயணச் செலவைத் தவிர்க்கவும், இரவுப் பயணத்தின் பாதுகாப்பைப் பெருக்கவும் நடவடிக்கை எடுக்கப்படல் வேண்டும் என்கிறது. நாம் சொல்ல வருவதும் இதுவே. வாசற்படியைத் தாண்டியவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. அவள் தன் வீட்டுக் கதவை உள்ளிருந்து தாழிடும்போதுதான் அன்றைய வேலை முடிகிறது. அதுவரை பொறுப்பு, வேலைக்கு அழைத்தவருடையது.

பாதையைப் பற்றிப் பேசினால் பஸ்ஸைப் பற்றிப் பேசாதிருக்க முடியாது. 1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி பஸ் கம்பனிகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. இடதுசாரி இயக்கம் பல்லாண்டு எழுப்பிய கோரிக்கைகளுள் அதுவும் ஒன்று. பொதுச் சேவையென்றால் இலாபம் தரும் ஓட்டத்தின் பணத்தைக் கொண்டு இலாபம் தராத ஓட்டத்தையும் நடத்தலாம். பகற்கூட்டம் கட்டிய காசிலே இரவின் வெற்று பஸ்ஸும் ஓடும். 1979ஆம் ஆண்டில் தனியார் பஸ்கள் மீண்டும் வீதிக்கு விடப்பட்டன. தனியாருக்கு நாட்கணக்கே வேதம். பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு இரவு பத்து மணிக்கு ஓடுவதில் அவருக்கு என்ன ஆதாயம்? ஆதலால் ஏழைப்பெண்ணின் இரவுப் பயணம் சந்தையின் கணக்குப் புத்தகத்திலே நட்டமாகப் பதியப்பட்டது. நட்டமென்று பதியப்பட்ட எதனையும் சந்தை விரைவிலே வெட்டி எறியும்.

பஸ் வந்தாலும் துன்பம் தீர்வதில்லை. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2017ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆய்வின்படி, இந்நாட்டுப் பெண்களுள் 90 வீதமானோர் பஸ்ஸிலும் புகைவண்டியிலும் வாழ்நாளில் ஒருமுறையேனும் பாலியல் தொந்தரவுக்கு ஆளாகியிருக்கின்றனர். பொலிஸாரின் உதவியை நாடியவர்கள் 4 வீதமானோரே. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு 1995ஆம் ஆண்டிலே திருத்தப்பட்டு இக்குற்றத்துக்கு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளித்தது. ஆயினும் இரவு பத்தரை மணிக்கு, தனியாக, கூலிக்குப் பிள்ளை பார்த்துவிட்டு வருபவள் பொலிஸ் நிலையப் படியேறினால் அங்கு முதலிலே கேட்கப்படும் கேள்வி எது என்பதை நாம் அறிவோம். "இந்த நேரத்தில் உனக்கு வெளியே என்ன வேலை?" என்பதே அக்கேள்வி.

இக்கேள்வி பொலிஸ் நிலையத்தில் மட்டும் கேட்கப்படுவதன்று. நமது நண்பர்கள் சிலரும் இதையே நாகரிகமான மொழியிற் கேட்கின்றனர். "பெண்பிள்ளைகள் இரவில் வேலைக்குப் போகாமல் விட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமே" என்கின்றனர். திருடன் இருக்கிறான் என்பதற்காக உடைமையாளனைச் சிறையில் அடைக்கச் சொல்லும் தர்மம் இது. 1977ஆம் ஆண்டு நவம்பரில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரப் பெண்கள் தீப்பந்தங்களோடு இரவிலே ஊர்வலம் போனது இந்தத் தர்மத்துக்கு எதிராகத்தான். பெண்களைக் கொல்பவன் ஒருவன் நடமாடுகிறான், பெண்களே வீட்டுக்குள் இருங்கள் என்று பொலிஸார் அறிவுரை கூறிய வேளை அது. 2024ஆம் ஆண்டிலே கல்கத்தா மருத்துவமனையொன்றில் இளம் பெண் மருத்துவர் கொல்லப்பட்டதன் பின், இயன்றவரை பெண்களுக்கு இரவுப் பணி தவிர்க்கப்படட்டும் என்று மேற்கு வங்க அரசு கூறியது. பெண்கள் இரவில் வேலை செய்யக்கூடாதென்று சொல்ல முடியாது, பாதுகாப்பு அளிப்பதே அரசின் கடமை என்று இந்திய உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு செப்டெம்பரிலே திருத்தியது. நீதிமன்றத்துக்கு விளங்கிய உண்மை நமது வாசற்படிகளில் விளங்காமற் போவானேன்?

இன்னொரு சாரார், "முச்சக்கர வண்டி பிடித்து அனுப்பிவிடுகிறோமே" என்கின்றனர். நல்லது. அந்த வண்டிக்கு யார் காசு கொடுத்தார்கள்? அன்றைய கூலியிலிருந்து கழிக்கப்பட்டதாயின் அது உதவியன்று, அபராதம். சாரதி யார்? வண்டியின் இலக்கத்தை எவரேனும் குறித்து வைத்தனரா? 2005ஆம் ஆண்டு டிசெம்பரிலே பெங்களூரில் இரவுப் பணிக்குப் புறப்பட்ட பெண் ஊழியர் ஒருவரை, அழைத்துச் செல்ல வந்த வாகனத்தின் சாரதியே கொலை செய்தான். வாகனம் என்பது பாதுகாப்பின் ஒரு கருவி மாத்திரமே. அதற்குப் பின்னாலே பெயரும் பொறுப்பும் கொண்ட ஒருவர் விழித்திருக்காவிட்டால், நான்கு சுவரும் ஓடுகின்ற அறையாகவே அது முடியும்.

வேறு சிலர், "வீட்டுக்காரரே காரில் கொண்டுபோய் விடுகிறார்" என்பர். மேலைநாடுகளிலும் இதுவே பெருவழக்கு என்று உதாரணமும் காட்டுவர். இவ்விடத்திலே நாம் வெளிப்படையாகப் பேசவேண்டும். நேர்மையானவர் பலர் இப்பணியை நேர்மையாகவே செய்கின்றனர். ஆயினும் எசமானனும் கூலிக்காரியும் இரவிலே மூடிய வாகனமொன்றில் தனித்திருப்பது சமத்துவமான நிலைமையன்று. அங்கே ஒரு சொல், ஒரு தொடுகை வரம்பு மீறுமானால், அவள் யாரிடம் முறையிடுவாள்? அடுத்த வார வேலையும், வீட்டுக்காரம்மாவின் நம்பிக்கையும், ஊரிலே தன் பெயரும் ஒரு தட்டிலே. தன் மானம் மறு தட்டிலே. மௌனமே அவளுக்கு எஞ்சும். ஆகவே, யார் கொண்டுபோய் விடுவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவளிடம் இருக்கவேண்டும். கணவனுக்குப் பதில் மனைவி போகலாம், அல்லது இருவரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகலாம். உறங்கும் பிள்ளையை எழுப்புவது பாவமென்றால், வளர்ந்த பிள்ளையொன்றை இருளிலே விடுவது அதைவிடப் பெரும் பாவம்.

"இங்கேயே படுத்துவிட்டுக் காலையிற் போகட்டும்" என்ற தீர்வும் உண்டு. அவள் விரும்பினால் நல்ல தீர்வே. ஆனால் எங்கே படுப்பாள்? குசினித் தரையிலா? உள்ளே தாழ்ப்பாள் உள்ள அறையொன்றிலா? அவள் வீட்டிலே விழித்திருக்கும் தாய்க்கு யார் தொலைபேசியிற் சொன்னார்கள்? 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தை நினைவுகூர்ந்து ஆண்டுதோறும் கட்டுரை எழுதும் நாம், தேநீர்க் கடையின் தனிக் குவளையை எதிர்த்த அம்மரபின் வாரிசுகள் என்று நம்மை அழைத்துக்கொள்கிறோம். அப்படியாயின் நமது இல்லங்களிலே தனிப் பாய் எதற்கு?

கடைசியாக எழும் ஆட்சேபம் காசைப் பற்றியது. "எங்களுக்கும் கஷ்டம், ஆசிரியச் சம்பளத்தில் இவ்வளவும் முடியுமா?" என்பர். 2022ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பின் ஆசிரியரின் கஷ்டம் உண்மையானது, அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் நமது கஷ்டத்தை நம்மிலும் ஏழையின் தோளிலே இறக்கி வைப்பது எந்தப் பொருளாதாரத்தில் நியாயமாகும்? மண்டபத்துக்கும் மாலைக்கும் சிற்றுண்டிக்கும் வண்டிக்கும் கணக்குப் போடுகிற நாம், அவளுடைய வழிச்செலவையும் அதே கணக்கிலே எழுதவேண்டும். அவளைப் பாதுகாப்பாக அனுப்ப வழியில்லையாயின், அன்றைய மாலைக்கு நம்மிடம் வசதியில்லை என்பதே பொருள்.

இங்கே நமது இயக்கத்தை நோக்கி ஒரு வார்த்தை. பெண் விடுதலை பற்றி மாலைக் கருத்தரங்குகள் நடக்கின்றன. மேடையிலே பெண்கள் பேசுகின்றனர், மகிழ்ச்சிக்குரியது. அவர்கள் அங்கு வந்து பேச முடிவது, இன்னொரு பெண் அவர்கள் வீட்டிலே பிள்ளையை மடியில் வைத்திருப்பதனாலேதான். மேடைப் பெண்ணின் விடுதலை குசினிப் பெண்ணின் இரவைத் தின்று வளருமானால், அவ்விடுதலைக்கு வர்க்க எல்லை உண்டு என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். குழந்தைக் காப்பகங்களையும் பொது உணவுச்சாலைகளையும் புதிய சமுதாயத்தின் முளைகள் என்று 1919ஆம் ஆண்டிலேயே லெனின் சுட்டிக்காட்டினார். நமது கூட்ட மண்டபங்களின் பக்கத்திலே ஓர் அறையை ஒதுக்கி, பாய் விரித்து, அங்கத்தவர் முறை வைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இன்றுவரை எது தடையாக இருந்தது?

எனவே நாம் கோருவது இவை. முதலாவதாக, நமது வீடுகளில்: திரும்பும் நேரம் முன்கூட்டியே பேசப்பட்டுக் காப்பாற்றப்படல் வேண்டும்; பிந்திய ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் காத்திருந்த நேரத்துக்கும் கூலி உண்டு; வழிச்செலவு கூலிக்கு மேலதிகமானது; எவ்வாறு போவது என்பதை அவளோடு கலந்து முடிவு செய்தல் வேண்டும்; அறிந்த சாரதி, குறித்து வைத்த இலக்கம், கூடச் செல்லும் ஒருவர் என்பவை கட்டாயம்; "வந்து சேர்ந்துவிட்டேன்" என்ற செய்தி வரும்வரை அவ்வீட்டில் எவரும் விளக்கணைக்கக் கூடாது. குறைந்தபட்ச வேலை வயது 2021ஆம் ஆண்டிலே 16 ஆக உயர்த்தப்பட்டது என்பதையும் மறத்தலாகாது. அதற்குக் குறைந்த சிறுமியை இவ்வேலைக்கு அழைப்பது குற்றம்.

இரண்டாவதாக, நமது சங்கங்களில்: செங்கொடிச் சங்கத்தின் துணையோடு வீட்டுப் பணியாளருக்கென்று ஒரு தொழிற்சங்கம் இந்நாட்டிலே தோன்றியது. சம்பளப் போராட்டத்திலே வீதிக்கு வந்து தோளோடு தோள் நின்ற ஆசிரியர் சங்கங்கள், அப்பெண்களின் கோரிக்கைகளையும் தமது மகாநாட்டுத் தீர்மானங்களிலே சேர்த்துக்கொள்ளல் வேண்டும். மூன்றாவதாக, ஆட்சியாளரிடம்: வீட்டுப் பணி தொழிற்சட்டத்தின் முழுப் பாதுகாப்புக்குள் வரல் வேண்டும், போக்குவரத்துச் சபை இரவின் கடைசி பஸ்ஸை இலாப நட்டம் பாராது ஓட்டல் வேண்டும், மாநகர சபைகளும் பிரதேச சபைகளும் பெருந்தெருக்களை மட்டுமன்றி அவள் இறங்கி நடக்கும் ஒழுங்கைகளையும் விளக்கேற்றல் வேண்டும்.

சட்டம் வரட்டும் என்று காத்திருக்கவேண்டிய கோரிக்கைகள் சில. இன்றிரவே நிறைவேற்றக்கூடியவை பல. முதலாளியை எதிர்த்துக் கோஷமெழுப்பும்போது நாம் தொழிலாளியாகத் தோன்றுகிறோம். பிள்ளை பார்க்கும் பெண்ணின் முன்னே நாமே முதலாளி. அவ்வேளையில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதைக் கொண்டே நமது கொள்கையை உழைக்கும் மக்கள் எடைபோடுவர். மேடைப் பேச்சைக் கொண்டு அல்ல. ஆகவே தோழர்களே, "பார்த்துப் போ" என்ற சொல்லை நம் வாசற்படியிலிருந்து அகற்றுவோம். செருப்பை மாட்டிக்கொண்டு, கைவிளக்கை எடுத்துக்கொண்டு, "வா பிள்ளை, போவோம்" என்போம்.